பதினொரு காற்று

வண்ணார்பேட்டையில் இரண்டாவது மாடி.
கீழே பரோட்டாக் கல், மேலே காற்று.
காற்றென்றால் எங்களுக்கு எண்.
பணகுடி, ராதாபுரம், லெவிஞ்சிபுரம்,
நூற்றுப் பன்னிரண்டு காற்றாடிகள்
பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை
தம் மூச்சைக் கொட்டிவைக்கும் ஒரே கிடங்கு.

ஆனி பிறந்து ஒன்பதாம் நாள்
சென்னையிலிருந்து கேட்டார்கள்:
வீசாத காற்றில் இத்தனை யூனிட்
எப்படி வந்தது?

இணைப்புப் பட்டியலைத் திறந்தேன்.
காற்று.
காற்று_புதியது.
காற்று_புதியது_2.
காற்று_இறுதி.
காற்று_சத்தியமா_இறுதி.
தொடாதே.
தொடாதே_நகல்.
மாசானம் சோதனை.
பெயரே இல்லாமல் இரண்டு.
கடைசியில், ஜெபக்கனி.

பதினொரு பேரும் ஒரே கதவைத் தட்டி
ஒரே கேள்வி கேட்டு
ஒரே பதிலை வாங்கிப் போகிறார்கள்.
தட்டலுக்குத் தட்டல் காசு; அதுவும் டாலரில்.
தொடாதேயும் அதன் நகலும்
ஓர் அறிக்கைக்குள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
எல்லாக் காற்றாடியும் இரண்டு தரம் சுற்றியிருக்கிறது.
எத்தனை நாளாக என்று யாருக்கும் தெரியவில்லை.

பெயரைப் பார்த்து முடிவுகட்ட முடியாது.
இந்த மாடியிலேயே இசக்கி மூன்று பேர்:
வாசல் இசக்கி, கணக்கு இசக்கி, நான்.
வாசல் இசக்கியின் சம்பளச் சீட்டு
மாதாமாதம் எனக்குத்தான் வருகிறது.
அங்கே பெயர் ஒன்று, ஆள் மூன்று.
இங்கே பெயர் பதினொன்று, ஆள் ஒன்று.
தலைகீழ்க் கணக்கு இன்னும் மோசம்.

'ஓடுதத ஏன் தொடுத?
சவத்த விடு' என்றார் மாசானமுத்து.
அவர் சோதனை எதைச் சோதித்தது என்று
அவருக்கும் நினைவில்லை.

இரவு தங்கினேன்.
எந்த அறிக்கை எதில் வாய்வைத்துக் குடிக்கிறது
என்று பார்த்துப் பார்த்து
ஒவ்வொன்றாகப் பிடுங்கி
முதல் காற்றில் நட்டேன்.
அறுபத்து மூன்று அறிக்கைகள்.
அதில் நாற்பதை
வருடக்கணக்காக யாரும் திறக்கவில்லை.
மூன்று மணிக்குப் பரோட்டாக் கல் ஆறிப்போய்
தெரு நாய் ஒன்று அதன் கீழே படுத்திருந்தது.

ஜெபக்கனி ஓசூர் போய் இரண்டு வருடம்.
ஆள் போய்விட்டார்,
சாவி மட்டும் வேலைக்கு வந்துகொண்டிருந்தது,
ஒரு நாள் விடுப்பில்லாமல்.
அழிக்கவா என்று கேட்டது திரை.
ஆம்.
நிச்சயமாகவா என்று கேட்டது.
தூக்கத்தில் அதற்கும் ஆம்.

காலை ஏழேகாலுக்குப் போன்.
'இசக்கியா? எந்த இசக்கி?
நல்லது. நான் ஜெபக்கனி.
இன்னைக்கு மெயில் வரலியே,
பணகுடில காத்து நின்னுட்டா?'

என்ன மெயில்?

'தெனமும் ஆறு மணிக்கு வரும்லா.
போகும்போது என் சொந்த மெயிலப் போட்டுட்டுப் போனேன்.
தப்புதான். ஒண்ணும் பண்ணல, பாப்பேன், அவ்வளவுதான்.
நாப்பத்தேழாம் நம்பரு
எங்க அப்பா வித்த நெலத்துல நிக்கு.
ஏக்கர் பதினெட்டாயிரம்.
அது ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பாதிக்குன்னு
பல்லு வெளக்கிட்டே பாத்துருவேன்.'

விதிப்படி நான் சொல்லவேண்டியது
இரண்டு வரி இருந்தது.
சொன்னேன்.
'சரி' என்றார்.

வைப்பதற்கு முன்
ஏனோ வாய் தவறி அதையும் சொன்னேன்:
நீங்க பாத்ததெல்லாம் ரெட்டை.
நெசம் அதுல பாதிதான்.

ஓசூரில் ஏதோ லாரி பின்னால் நகரும் சத்தம்.
'பாதியா?' என்றார்.
கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.
'பாதியே அவ்வளவா?'